கடலின் வெற்றுக் கட்டங்கள்

இன்று காலை கீழே கடையில் பொத்துவில் மூட்டையைப் பிரித்துவிட்டார்கள். கட்டாக் கருவாட்டின் வாசனை மரப்படி ஏறி வந்து, மழைக்காகச் சாத்தியிருந்த இந்த அறையில் நிறைந்து நின்றுகொண்டது. நீ இருந்த நாட்களில் இந்த வாசனை வந்ததும் நான் ஊதுபத்தி தேடுவேன். "கடல் வந்தீக்கு புள்ள, கதவ மூடாத" என்று சிரிப்பாய். இன்று நான் ஊதுபத்தி தேடவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்து ஜன்னலைத் திறந்தேன். பதுளை பஸாரில் குடைகள் முட்டிக்கொண்டு போயின. ஒரு வரி வேலை ஓடவில்லை.

சில வாரங்களாகவே இப்படித்தான் இருக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் ஒரு விஷயத்தைச் செய்துவிட்டேன். சரியாகச் செய்தேனா என்று கேட்க ஆள் இல்லை. உன் வாப்பா மேலே வந்து, "என்ன மகள், அங்கயும் இங்கயும் நடக்கிற சத்தம் கேக்குது, அவள் நடக்கிற மாதிரியே ஈக்கி" என்று சொல்லிவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் வரிசையில் நின்ற ஆண்டில் இந்த வேலை நமக்கு வந்தது. கடலைப் பற்றி ஆளுக்கு ஆள் சேர்த்துவைத்த தகவல்களையெல்லாம் ஒரே இடத்தில் அடுக்க வேண்டும் என்று கொழும்பு அலுவலகம் விரும்பியது. ஆழம், நீரோட்டம், பவளத் திட்டு, ஆமை முட்டையிடும் கரை, மீன் இறக்கும் துறை எல்லாவற்றையும். போக்குவரத்தே இல்லாத காலம். பதுளையில் இருந்தே செய்யுங்கள் என்றார்கள். கடைக்கு மேலிருந்த மிளகாய் மூட்டைகளை ஒதுக்கி, இரண்டு மேசை போட இடம் தந்தார் உன் வாப்பா. கடலைக் கண்ணால் காணாமல் கடலுக்குத் தரவுத்தளம் கட்ட ஆரம்பித்தோம்.

மடுல்சீமையில் என் அம்மாவிடம் சொன்னது நினைவிருக்கிறதா? கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துக்கொண்டே கேட்டார்: "கடலுக்கு எதுக்கும்மா மேப்பு? அங்க என்ன, தோட்டத்து லயமா இருக்கு, வீட்டுக்கு வீடு நம்பர் போட?" நீ அன்று விழுந்து விழுந்து சிரித்தாய். பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா கேட்டது சரி. நெலத்துல வீடு நகராது. கடல்ல எல்லாம் நகருது. நகர்றதுக்கு எப்பிடி நம்பர் போடறது?" என்று பசறை வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தாய்.

வந்து சேர்ந்த கோப்புகள் ஒன்றுக்கொன்று சண்டை போட்டன. ஒன்று ஆழத்தை இரண்டு கை விரித்த அளவான பாகத்தில் சொன்னது, இன்னொன்று மீட்டரில். ஒரே பவளத் திட்டுக்குத் தமிழில் ஒரு பெயர், சிங்களத்தில் ஒரு பெயர், பழைய ஆங்கில வரைபடத்தில் இன்னொரு பெயர். பழைய நில அளவைக் கட்டத்தில் எழுதிய எண்களைச் செய்மதி எண்களாகப் படித்ததால், ஒரு நாள் ஒரு திட்டு முழுசாகப் பாணமைக் காட்டுக்குள் போய் நின்றது. "யானைக்குப் பக்கத்துல மீன் மேயுது, வந்து பாரு" என்று கூப்பிட்டாய். கருவாடு சுற்றும் தாளின் பின்பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கீறி, செருப்பில்லாமல் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்து, சத்தமாக யோசிப்பாய். எந்தத் தகவல் உள்ளே வந்தாலும் உன் கேள்விகள் வாசலில் நிற்கும். யார் பார்த்தது? எப்போது பார்த்தது? எப்படித் தெரியும்? பதில் சொல்லாத எண்ணை நீ உள்ளே விட்டதில்லை.

எல்லாம் வந்தும் ஒன்று குறைந்தது. மீனவர்களுக்குத் தெரிந்த கடல் நம்மிடம் இல்லை. கடலுக்கடியில் கல்லும் பவளமும் சேர்ந்து மீன் அடைகிற மேட்டை அவர்கள் பார் என்று சொல்வார்கள். எந்த அரசாங்க வரைபடத்திலும் இல்லாத பார்கள் அவர்களிடம் இருந்தன. ஒவ்வொருவரும் தன் பாரைத் தன் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. பொத்துவிலில் உன் அக்கா, ராத்தாவைக் கட்டியிருந்த மச்சானும் அப்படித்தான். பைபர் போட்டில் தனியாகப் போய்த் தனியாக வருகிறவர். நீ அங்கே போய்த் தங்கி, ராத்தா கையால் சோறு தின்று, அவரோடு சண்டை பிடித்து, கடைசியில் அவர் வாயைத் திறக்கவைத்தாய்.

"மச்சி, இது என்ட பொழப்பு. வெளிய போகாதுண்டு செல்லுங்க."

"என் வாயிலருந்து வராது மச்சான்."

அவர் கொடுத்ததைப் பார்த்து இன்னும் சிலர் கொடுத்தார்கள். நீ திரும்பி வந்த நாளில் வெயிலில் கறுத்திருந்தாய், சந்தோஷமாகவும் இருந்தாய். ஆனால் அந்தப் புள்ளிகளைத் திரையில் போட்டுப் பார்த்ததும் சந்தோஷம் போய்விட்டது. "இவ்வளவு லேசா தெரியுது பாரு" என்றாய். அதை மட்டும் சொல்லிவிட்டுத் திரையை அணைத்தாய்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. வாப்பா ஜும்மாவுக்குப் போயிருந்தார், கடை பாதி சாத்தியிருந்தது. ராத்தா போனில் அழுத அழுகை எனக்கு இந்த மேசைவரை கேட்டது. முந்தின நாள் காலையில் போன மச்சான் திரும்பவில்லை. மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்து விற்றுக்கொண்டிருந்த காலம் அது. எஞ்சின் நின்றிருக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. தேடப் போகப் போட்டுகள் தயார். எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

"ஒருத்தருக்கும் தெரியாதாம்" என்றாய் போனைக் கீழே பிடித்துக்கொண்டு. பிறகு என்னைப் பார்த்தாய். "எனக்குத் தெரியும்."

என்ன செய்வது என்று நீ என்னிடம் கேட்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்த நேரத்தில் நீ நடக்காமல் நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு போனை வாய்க்குக் கொண்டுபோய், எண் எண்ணாக, திரும்பத் திரும்பச் சொன்னாய். அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் சத்தமாகத் திருப்பிச் சொல்ல, கரையில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது.

அதற்குப் பிறகு வேலை. அந்தப் புள்ளியிலிருந்து ஒரு போட் மிதந்தால் எங்கே போகும்? பாதி கட்டிய தரவுத்தளத்தில் அந்த மாதத்து நீரோட்டம் இருந்தது, காற்று இருந்தது. அண்ணன் முறையில் நீ காக்கா என்று கூப்பிடும் ஒருவர் கரையிலிருந்து போனில் கத்தினார்: "எடத்தச் செல்லுங்க, எடத்த!" நீயும் கத்தினாய்: "எடம் இல்ல காக்கா, பரப்புதான் ஈக்கி! பரப்பத்தான் தேடணும்!" தென்கிழக்காக நீண்டு விரிந்த அந்த உருவத்தைப் படமாக்கி அனுப்பினோம். கடற்படைக்கும் சொன்னார்கள். கரைப் போட்டுகள் முன்னால் போயின.

மறுநாள் பின்னேரம் அவரைக் கண்டார்கள். நாம் கீறிய பரப்பின் ஓரத்தில், அதற்குச் சற்று வெளியே. உதடு வெடித்து, கண் சிவந்து, உயிரோடு. செய்தி கேட்டதும் வாப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கணக்குப் பார்க்காமல் கருவாடு கட்டிக் கொடுத்தார். நீ இந்த அறையின் நடுவில் உட்கார்ந்து அழுதாய். எனக்கும் அழுகை வந்தது. "பரப்பு சின்னதாப் போச்சு, அடுத்த தடவ பெரிசாக் கீறணும்" என்று அழுகைக்கு இடையில் சொன்னாயே, அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது.

நீ அவரைப் பார்க்கப் போன நாளைப் பற்றி அதிகம் பேசவில்லை. ராத்தா பிறகு எனக்குச் சொன்னார். பாயில் சாய்ந்திருந்த மச்சான் உன்னைப் பார்த்து, "உசிரத் தந்தீங்க மச்சி. தொழில எடுத்துட்டீங்க" என்றாராம். அவ்வளவுதான். அடுத்த பருவத்தில் அவருடைய பாரில் போட்டுகள் மொய்த்தன. அவர் உன்னோடு பேசுவதை விட்டார். பெருநாளைக்கு ராத்தா போனைக் கொண்டுபோய்க் காதில் வைத்தாலும், "பிறகு பேசலாம்" என்று கொடுத்துவிடுவாராம்.

"சொல்லாம இருந்திருக்க ஏலுமா?" என்று கேட்டேன்.

"ஏலாது. அதுதானே பிரச்சினை" என்றாய். "திரும்பவும் அப்பிடி நடந்தா திரும்பவும் செல்லுவேன். ஆனா கரை முழுக்கக் கேக்கச் செல்லத் தேவையில்லாத மாதிரி கட்டியிருக்கணும். அது நம்மட வேலை. மச்சான்ட வேலை இல்ல."

அந்த வாரமே தரவுத்தளத்தின் பாதியைப் பிரித்துப் போட்டாய். கொழும்பில் திட்டத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் திரையில் தோன்றி நிதானமாகத்தான் பேசினார். பொதுப் பணத்தில் சேர்த்த தகவல் பொதுவில் இருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதும் நியாயமே. நீ நாற்காலியில் உட்காராமல், கமராவுக்கு உள்ளும் புறமும் நடந்துகொண்டே பதில் சொன்னாய்.

"சேர், நாங்க எடுத்தது எண் மட்டும் இல்ல. அவங்க எங்களுக்கிட்ட ஒரு சொல்லும் வாங்கினாங்க. அந்தச் சொல்லையும் சேத்து வைக்கிற மாதிரி ஒரு இடம் உள்ளே இல்லாட்டி, இந்த வடிவம் பிழை."

கடைசியில் ஒத்துக்கொண்டார். பொதுவில் பார்க்கிறவர்களுக்குக் கடல் பெரிய பெரிய கட்டங்களாகத் தெரியும். பாரின் சரியான இடம் தனியாக ஓர் உள்ளறையில் இருக்கும். கொடுத்தவர் சம்மதித்தால் மட்டும் வெளியே வரும். உயிராபத்து என்றால் தேடுகிறவருக்கு மட்டும் திறக்கும். திறந்தவர் யார் என்பது பதிவாகும், கொடுத்தவருக்குச் செய்தி போகும். நீ இதை மாதக்கணக்கில் செதுக்கினாய். முடிந்த அன்று மச்சானுக்கு ஒரு செய்தி அனுப்பினாய். என்ன எழுதினாய் என்று எனக்குக் காட்டவில்லை. பதில் வரவில்லை என்பது மட்டும் உன் முகத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகு காய்ச்சல். மழை விட்ட வாரம், பஸார் முழுக்க நுளம்புக் கடி. சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு வேலை செய்தாய். டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகும், வார்ட்டிலிருந்து எனக்கு, "உள்ளறைத் திறப்பை இன்னொருக்கா சோதிச்சுப் பாரு" என்று செய்தி போட்டாய். சோதித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று நான் எழுதிய பதிலை நீ பார்க்கவில்லை.

ஜனாஸா அன்று உங்கள் வீட்டுப் பெண்கள் என்னைத் தங்களோடு உட்காரவைத்துக்கொண்டார்கள். உன் உம்மா என் தோளைப் பிடித்தபடியே இருந்தார். ஆண்கள் உன்னைத் தூக்கிப் போய் வெகு நேரத்துக்குப் பிறகு, கடைப் பக்கம் இறங்கி வந்தேன். கடைப்படியில் மச்சான் இருந்தார். உன்னை அடக்கம் செய்த மையவாடிக்குப் போய்விட்டு எல்லோருக்கும் முன்னால் திரும்பியிருந்தார். அதுவரை அவரை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

"நீங்கதானே அவவோட வேல செஞ்சவங்க?"

"ஆமாங்க."

கையிலிருந்த தொப்பியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "என்ட எடம் இன்னும் அதுல இரிக்கா?"

"இருக்கு. வேணாம்னு சொன்னீங்கன்னா எடுத்துர்றேங்க. அப்படித்தான் கட்டிவச்சிருக்கா."

சுருட்டிய தொப்பியைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டார். "இரிக்கட்டும்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

இனிப் புதிய கதை. நீ இல்லாத கதை.

போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு வரைபடம் வந்தது. பொத்துவிலுக்கு வெளியே கடலில் ஒரு சிவப்புச் செவ்வகம். கடலடி மணல் அள்ளுவதற்குப் பொருத்தமான இடமாம். கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று அடியில் எழுதியிருந்தது. வரைபடத்துக்கு ஆதாரம் நம்முடைய தரவுத்தளம். செவ்வகத்துக்குள் நம் கட்டங்கள் எல்லாம் வெள்ளை. வெள்ளைக்கு என்ன பொருள் என்று ஓரத்தில் விளக்கியிருந்தார்கள்: அங்கே பவளமோ பாரோ இல்லை.

அந்த வெள்ளைக்குள் எத்தனை பேருடைய பார்கள்! மறைத்துவைத்த கட்டத்துக்கு நீ ஒரு தனிக் குறி வைத்திருந்தாய். அளக்காத கட்டத்துக்கு வேறொரு குறி. "தெரியாதது வேற, இல்லாதது வேற. சொல்ல மாட்டோம்ங்கறது மூணாவது" என்று என் மேசையில் தட்டித் தட்டிச் சொல்வாயே. தரவுத்தளத்துக்குள் அந்த மூன்றும் பத்திரமாகத்தான் இருந்தன. அங்கே யாரோ அதை வரைபடமாக மாற்றியபோது குறிகள் உதிர்ந்து, மூன்றும் ஒரே வெள்ளையாகிவிட்டன. பாரைக் காப்பாற்ற மறைத்தோம். மறைத்ததாலேயே அது தோண்டப்படப் போகிறது.

கொழும்புக்குக் கோல் எடுத்தேன். வரைபடம் அனுப்பிய அதிகாரியும் மரியாதையாகத்தான் பேசினார். "பார் இருக்கென்றால் இடத்தைத் தாங்க மிஸ். இடம் தராமல் இருக்கு என்று மட்டும் சொன்னால் நாங்க எதை வைத்து மாற்றுவது?" உள்ளறையின் திறப்பு, அதன் சாவி, என்னிடம்தான் இருக்கிறது. ஒரு கட்டளை போட்டால் எல்லாப் புள்ளிகளும் போய்ச் சேர்ந்துவிடும். பார்கள் தப்பும். அன்று பகல் முழுக்க நான் இந்த அறையில் நடந்தேன். உயிராபத்துக்கு மட்டும் என்றுதான் எழுதிவைத்திருந்தோம். பாருக்கு உயிர் இல்லையா? அதை நம்பி இருக்கிறவர்களுக்கு இல்லையா? நீ இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

திறக்கவில்லை. பொத்துவிலுக்குப் போனேன். மொனராகலையில் பஸ் மாறி, வெயிலில் வெந்து, உன் ராத்தா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து, உன் பெயரைச் சொல்லாமல் அழுதார். மச்சான் ஆட்களைக் கூப்பிட்டு அனுப்பினார். கரையில் வலை வைக்கும் வாடிக்குள், மடிக்கணினியை ஐஸ் பெட்டிக்கு மேல் வைத்து, சிவப்புச் செவ்வகத்தைக் காட்டினேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குடுத்துத் தொலைப்போம், தோண்டிட்டா பிறகு பார் எங்க, இடம் எங்க என்றான் ஒருவன். நரைத்த தாடி வைத்த ஒருவர் எழுந்து, "இண்டைக்கு மண் அள்ளாம இரிக்கக் குடுப்பம். நாளைக்கு அதே பேப்பர வெச்சி இங்க மீன் புடிக்காதண்டு செல்லுவான். அப்ப யாருக்கிட்டப் போறது?" என்றார். இருவர் சொன்னதும் சரி.

"புள்ளியக் குடுக்க வேணாங்க" என்றேன். "எல்லாருடைய பாரும் உள்ள வர்ற மாதிரி ஒரு பெரிய வேலி கீறுவோம். இதுக்குள்ள பார் இருக்கு, கொடுத்தவங்க சம்மதிச்சுச் சொல்றாங்க, எந்த இடம்னு சொல்ல மாட்டோம்னு எழுதுவோம். அது போதுமான்னு எனக்கு உறுதியாத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன்."

"எவ்வளவு பெரிய வேலி?" என்று கேட்டார் மச்சான்.

கீறிக் காட்டினேன். "இன்னும் அகலம்" என்றார். இன்னும் கீறினேன். "வடக்கால இன்னும்." தாடிக்காரர் சிரித்துவிட்டார். "இப்பிடிக் கீறினா முழுக் கடலும் எங்கடதுண்டு நினைப்பானுவள்." "நினைக்கட்டும்" என்றார் மச்சான். கடைசியில் எல்லைக்கு எல்லை பேரம் பேசி, ஒருவன் பார் எங்கே என்று அடுத்தவனுக்குத் தெரியாதபடியும், கொழும்பில் கேட்டால் நியாயமாகத் தெரியும்படியும் ஓர் உருவம் வந்தது. ஒவ்வொருவராக, சம்மதம் என்று வாயால் சொன்னார்கள். ஒருவர் மட்டும் தன்னுடையதைச் சேர்க்க வேண்டாம் என்றார். எடுத்துவிட்டேன். நீயும் எடுத்திருப்பாய்.

அனுப்பியதற்குப் பதில் சென்ற வாரம் வந்தது. சிவப்புச் செவ்வகம் தெற்கே நகர்ந்திருக்கிறது. ஒரு மூலை இன்னும் நம் வேலிக்குள் தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மூலையைத் தொடுவதற்கு முன்னால் சுழியோடிகளை இறக்கிப் பார்ப்பார்களாம். வெள்ளைக்கு இனி மூன்று விளக்கம் எழுதுவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தினமும் காலையில் அந்த மூலையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறேன்.

ஆனால் உனக்கு நான் சொல்ல வந்தது வேறு.

வாடியில் பேசி முடித்த மறுநாள் விடிந்ததும் மச்சான், "வாறீங்களா?" என்று கேட்டார். எங்கே என்று சொல்லவில்லை. ராத்தா தன்னுடைய நீளக்கைச் சட்டையை எனக்கு மாட்டிவிட்டு, வாந்தி எடுக்க ஒரு பையும் தந்தார். இவ்வளவு ஆண்டு கடலுக்கு அட்டவணை போட்டவள், முதன்முதலாக அதன் மேல் ஏறினேன். அலை தாண்டும்போது பலகையைப் பிடித்த பிடியில் நகம் வலித்தது. ராத்தா தந்த பை உதவியது. அவர் சிரிக்கவில்லை, தண்ணீர் தந்தார்.

கரை மங்கத் தொடங்கியதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "போன ஓஃப் பண்ணுங்க."

அணைத்தேன். கையை நீட்டினார். கொடுத்தேன். தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு திசை மாற்றி வெகுதூரம் ஓட்டி, ஓரிடத்தில் எஞ்சினை நிறுத்தினார். சுற்றிலும் தண்ணீர். மற்ற எல்லாத் தண்ணீரையும் போலவே இருந்தது.

"பழைய பார் எல்லாருக்கும் தெரிஞ்சி போச்சி. இது புதுசு. நான் கண்டுபுடிச்சது. அந்த மண் அள்ளுற இடத்துக்கு ரொம்ப வெளிய. ஒங்கட பெட்டியில இது இல்ல." தூண்டிலை இறக்கினார். "அவ அனுப்பின மெசேஜ் இன்னும் இரிக்கி போன்ல. நீங்க செல்லாம ஒருத்தரும் பாக்க ஏலாத மாதிரி கட்டிட்டன் மச்சாண்டு எழுதியிருந்தா. எனக்கு எழுத்துல பதில் போடத் தெரியாது. இங்க கூட்டியாந்து காட்டுவமுண்டு நினைச்சிட்டு இருந்தன். கச்சான் முடியட்டும், இது முடியட்டும், அது முடியட்டுமுண்டு..."

தூண்டில் சுண்டியது. மீனை இழுத்துப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் மேற்கே கை நீட்டினார். காலைப் பனி விலகியிருந்தது. கரைக்கும் தென்னைக்கும் அப்பால், வெகு தொலைவில், நீலமாக ஒரு வரிசை.

"ஒங்கட மலை."

எங்கள் ஊவாவின் மலைகளை நான் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. ஜிபிஎஸ்ஸில் இந்த இடத்தைப் போட்டு வைக்கவில்லை என்றார் மச்சான். தெளிவான காலையில் மலையை வைத்தே வந்துவிடுவாராம். எந்த முகடு கரையில் எதற்கு நேராக வரவேண்டும், எது எதை விட்டு விலகி நிற்கவேண்டும் என்று எனக்குக் காட்டினார். ஒரு தடவைதான் காட்டினார். அவருடைய குரல், உனக்குச் சொல்வதாக வைத்திருந்ததைச் சொல்கிற குரலாக இருந்தது.

எந்த முகடு, எதற்கு நேர் என்று உனக்கு எழுதும் இதிலும் எழுத மாட்டேன். நீ கோபிக்க மாட்டாய். போன வாரம் மடுல்சீமைக்குப் போயிருந்தபோது, அம்மா வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன பிறகு, கிழக்கே விழுகிற அந்தச் சரிவின் விளிம்பில் போய் நின்றேன். கீழே சமவெளி புகைபோல் கிடந்தது. கடல் தெரியவில்லை. காலுக்கடியில் இருக்கிற இந்த மலையை அங்கிருந்து ஒரு மனிதர் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தபோது நிற்க முடியாமல் லயத்துக்குத் திரும்பிவிட்டேன்.

எந்தத் தகவலானாலும் வந்த கையோடு பதிந்துவிடும் பழக்கம் எனக்கு. இதை மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பதிந்துவைக்கக் கை துறுதுறுக்கிறது. பஸ்ஸில், கடைப்படியில், வேலைக்கு நடுவில், உதடு அசையாமல் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்: இந்த முகடு, அதற்கு நேராக அது. இன்று காலையும் சொல்லிப் பார்த்தேன். இன்னும் மறக்கவில்லை.